ஒரு சுரங்கக் கம்பனியின் பழைய பங்கு விலைகளைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் பை நிறையக் கடிதங்களோடு வந்தார். மெல்பேணில் கணவர் காலமான பிறகு ஊருக்குத் திரும்பியவர். கடிதங்களில் மூன்று கம்பனிகளின் பெயர்கள்: அவுஸ்திரேலியாவின் பெரிய சுரங்கக் கம்பனியான பி.எச்.பி, அதோடு சவுத் 32, வுட்சைட். "அவர் வாங்கினது பி.எச்.பி மட்டுந்தான் தம்பி. மற்ற ரெண்டும் எங்கையிருந்து வந்தது?" என்று கேட்டார். இன்னொரு குழப்பமும் இருந்தது. 2014இல் வாங்கியபோது தரகர் கொடுத்த சீட்டில் ஒரு பங்கு 36 அவுஸ்திரேலிய டொலர் சொச்சம். அதே நாளுக்கு மகன் கைபேசியில் எடுத்துக் காட்டிய விலை அதில் பாதி அளவுதான்.

சீட்டும் சரி, கைபேசியும் சரி. அதை விளங்கப்படுத்த இரண்டு பின்னேரம் எடுத்தது. பிறகு உயர்தர வர்த்தகப் பிள்ளைகள் சிலருக்கும் இதைக் காட்டினேன். எல்லாரும் ஏறத்தாழ ஒரே இடங்களில்தான் தடுக்கினார்கள். முக்கியமான பிழை, வரைபை முதலில் திறப்பது. கீழே உள்ள ஒழுங்கில் வரைபு மிகவும் பிந்தித்தான் வருகிறது.

எந்தப் பங்கை வாங்கலாம், விற்கலாம் என்பது இதில் இல்லை.

தொடங்க முன் வேண்டியவை

கூகிள் ஷீட்ஸ் அல்லது எக்செல். ஒரு கொப்பி. கம்பனியின் இணையத்தளத்தில் இருக்கும் பங்கிலாப அட்டவணை (பங்கிலாபம் என்பது கம்பனி தன் இலாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் காசு). நீங்கள் பார்க்கும் காலத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உரிய இரண்டு ஆண்டறிக்கைகள்.

இவற்றோடு கனிய விலை ஒன்றும் வேண்டும். உலக வங்கி மாதாந்தப் பண்டவிலைத் தாள் ஒன்றை இலவசமாக வெளியிடுகிறது. தங்கம், செம்பு, இரும்புத் தாது எல்லாம் அதில் உண்டு. நாணய மாற்று வீதங்களுக்கு இலங்கை மத்திய வங்கியின் தளம் போதும்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

இது ஒன்றுக்கும் உதவாத படி என்று பிள்ளைகள் தாண்டிப் போவார்கள். அங்கேதான் முதல் பிழை பிறக்கிறது.

"அன்று ஒரு பங்கு என்ன விலைக்குக் கைமாறியது?" என்பது ஒரு கேள்வி. சொத்துக் கணக்கு, வாங்கிய செலவு, பழைய சீட்டைச் சரிபார்ப்பது எல்லாம் இந்த வகை. இதற்குத் திருத்தாத விலை, அதாவது அன்று சந்தையில் நடந்த அதே விலை, வேண்டும்.

"அன்று போட்ட காசு இன்று எவ்வளவாகியிருக்கும்?" என்பது வேறு கேள்வி. இதற்குத் திருத்திய விலை, அதாவது பிறகு நடந்த பங்குப் பிரிப்புகளையும் கொடுத்த பங்கிலாபங்களையும் கணக்கில் எடுத்துக் குறைத்த பழைய விலை, வேண்டும். அக்காவின் மகன் முதற் கேள்விக்கு இரண்டாவது விலையை எடுத்திருந்தார்.

மூன்றாவது கேள்வி, "ஏன் ஏறியது, ஏன் இறங்கியது?" இதற்கு விலை மட்டும் போதாது. எட்டாம் படியிலிருந்து பத்தாம் படி வரை இதற்காகத்தான்.

2. எந்தச் சந்தை, எந்த நாணயம், எந்த அலகு

பெரிய சுரங்கக் கம்பனிகள் ஒன்றுக்கு மேற்பட்ட சந்தைகளில் வியாபாரமாகின்றன. ரியோ டின்டோ லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறது, நியூயோர்க்கிலும் வாங்கலாம். சந்தையை எழுதாமல் கம்பனியின் பெயரை மட்டும் எழுதினால், ஒரு மாதம் கழித்து உங்கள் தாளே உங்களுக்கு விளங்காது.

லண்டன் விலைகள் பென்ஸில் தரப்படுகின்றன. ரியோவின் விலை 5000 என்று கண்டால் அது 50 பவுண். (எங்கள் ஊரில் பவுண் என்றதும் கஸ்தூரியார் வீதி நகைக்கடைதான் கண்ணில் வரும். இது இங்கிலாந்துக் காசு.) ஒரு மாணவர் இதை 5000 பவுண் என்றே எடுத்து, ஒரு பங்கின் பெறுமதியில் காணி வாங்கலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

நியூயோர்க்கில் இன்னொரு பொறி. அங்கே பி.எச்.பிக்காக வியாபாரமாவது வைப்புச் சான்று, அதாவது பங்குகளை வங்கி ஒன்று வைத்துக்கொண்டு அவற்றுக்குப் பதிலாக விடும் பத்திரம். ஒரு சான்று இரண்டு சாதாரண பங்குகளைக் குறிக்கும். ஆகவே நாணயத்தை மாற்றிய பிறகும் நியூயோர்க் விலை சிட்னி விலையின் இரு மடங்கு அளவில் நிற்கும். அதைக் கண்டு சிட்னியில் வாங்கி நியூயோர்க்கில் விற்கலாம் என்று துள்ள வேண்டாம்.

உள்ளூரில் பழக விரும்பினால் கொழும்புப் பங்குச் சந்தையில் போகல கிராபைட் லங்கா இருக்கிறது. விலை ரூபாவில் வரும், நாணயச் சிக்கல் இல்லை. கைபழக நல்லது.

3. பெயரும் குறியீடும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்

சந்தைக் குறியீடு வீட்டு இலக்கம் மாதிரி. ஆள் மாறினாலும் இலக்கம் இருக்கும்.

'கோல்ட்' என்ற அமெரிக்கக் குறியீடு 2018 முடியும்வரை ராண்ட்கோல்ட் ரிசோர்சஸின் கையில் இருந்தது. கனடாவின் தங்கச் சுரங்கக் கம்பனியான பரிக், ராண்ட்கோல்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு 2019 ஜனவரியில் அந்தக் குறியீட்டை எடுத்தது. 2025 மே மாதத்தில் அதையும் விட்டு 'பி' என்ற ஒற்றை எழுத்துக்கு மாறியது. 2015ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றில் 'கோல்ட்' பங்கு ஏறியது என்று இருந்தால், அது பரிக் அல்ல.

பி.எச்.பியின் லண்டன் குறியீடும் 2018இல் மாறியது. கம்பனியின் பழைய பெயர் பி.எச்.பி பில்லிற்றன். இந்த மாற்றங்களைத் திகதியோடு கொப்பியில் குறியுங்கள்.

4. தரவை எடுத்து, நிரல்களின் பெயரைப் படியுங்கள்

யாஹூ பினான்ஸ் போன்ற தளங்களில் ஒரு நாளுக்குத் தொடக்க விலை, உச்சம், தாழ்வு, இறுதி விலை, திருத்திய இறுதி விலை, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை என்று நிரல்கள் இருக்கும். நிரல் என்றால் மேலிருந்து கீழ். நிரையோடு குழப்ப வேண்டாம்.

யாஹூவின் 'இறுதி விலை' பங்குப் பிரிப்புகளுக்குத் திருத்தப்பட்டது. 'திருத்திய இறுதி விலை' அதோடு பங்கிலாபங்களுக்கும் திருத்தப்பட்டது. ஆகவே பழைய சீட்டில் இருக்கும் விலை இந்த இரண்டு நிரல்களிலும் இல்லாமல் போகலாம். கூகிள் ஷீட்ஸின் நிதிச் சூத்திரம் (GOOGLEFINANCE) பங்கிலாபத்துக்குத் திருத்துவதில்லை. இரண்டு தளங்களின் எண்களை ஒரே நிரலில் கலந்தால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

எடுத்தவுடன் மூலத் தாளைத் தொடாமல் ஒரு பிரதி செய்து வையுங்கள். எல்லா வேலையும் பிரதியில்.

5. வரைபுக்கு முன் நிகழ்வுப் பட்டியல்

நேரம் அதிகம் எடுக்கும் படி இது. சுரங்கக் கம்பனிகள் சும்மா இருப்பதில்லை. பிரிப்பார்கள், சேர்ப்பார்கள், புதுப் பங்கு விடுவார்கள், தொழிலின் ஒரு துண்டை வெட்டித் தனிக் கம்பனியாக்குவார்கள். ஒவ்வொன்றும் விலையில் ஒரு படிக்கட்டை உண்டாக்கும். பட்டியல் கையில் இல்லாமல் வரைபைப் பார்ப்பவருக்கு அந்தப் படிக்கட்டு சரிவு மாதிரித் தெரியும்.

பங்குப் பிரிப்பு இலேசானது. போர்ட்டெஸ்கியூ 2007 டிசம்பரில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. ப்ரீபோர்ட் மக்மொரான் 2011 பெப்ரவரியில் ஒன்றை இரண்டாக்கியது. ஒருவரின் காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிரிப்புக்கு முந்திய விலைகளைப் பத்தாலோ இரண்டாலோ வகுத்தால் சரி. இதைத் தளங்கள் தாமே செய்துவிடும்.

உரிமைப் பங்கு வழங்கல், அதாவது இருக்கும் பங்குதாரருக்குப் புதுப் பங்கைக் குறைந்த விலையில் வாங்கும் உரிமை கொடுப்பது, கொஞ்சம் சிக்கல். 2009இல் ரியோ டின்டோ, 40 பங்கு வைத்திருப்பவருக்கு 21 புதுப் பங்குகளை, லண்டனில் ஒன்று 14 பவுண் வீதம் கொடுத்தது. அன்றைய சந்தை விலையோடு பார்த்தால் இது பெரிய கழிவு. முந்திய நாள் விலை 27 பவுண் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம்.

பழைய 40 பங்கு × 27 = 1080. புதிய 21 பங்கு × 14 = 294. மொத்தம் 1374. இதை 61 பங்குக்குப் பங்கிட்டால் ஒன்று 22.52 பவுண்.

அடுத்த நாள் விலை 27இலிருந்து 22.52க்கு வந்தால் 17 வீதம் விழுந்தது போல இருக்கும். உரிமையைப் பயன்படுத்தியவர் ஒரு சதமும் இழக்கவில்லை. ஒப்பிடுவதற்கு, பழைய விலைகளை 22.52ஐ 27ஆல் வகுத்து வரும் 0.834 ஆல் பெருக்க வேண்டும். சில தளங்கள் இதைச் செய்கின்றன, சில செய்வதில்லை. அந்தத் திகதிக்கு முன்னும் பின்னும் நான்கு நாள் விலையை நேரில் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது, அக்காவின் கடிதங்களுக்கு விடையாக வரும் பிரிவினை. பி.எச்.பி 2015 மே மாதத்தில் சில சுரங்கங்களைப் பிரித்துச் சவுத் 32 என்ற கம்பனியாக்கி, ஒரு பி.எச்.பி பங்குக்கு ஒரு சவுத் 32 பங்கு கொடுத்தது. 2022இல் எண்ணெய், எரிவாயுத் தொழிலை வுட்சைட்டுக்குக் கொடுத்து, அதற்குக் கிடைத்த வுட்சைட் பங்குகளைத் தன் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தது. 5.534 பி.எச்.பி பங்குக்கு ஒரு வுட்சைட் பங்கு. 1000 பங்கு வைத்திருந்தவருக்கு 180 சொச்சம் வரும்.

காணியில் ஒரு துண்டைப் பிள்ளைக்குப் பிரித்து எழுதிய பிறகு மிச்சக் காணியின் விலை குறையத்தானே செய்யும்? பி.எச்.பியின் விலையும் அந்த நாட்களில் அப்படிக் குறைந்தது. 2014 விலையை இன்றைய பி.எச்.பி விலையோடு மட்டும் ஒப்பிடுபவர், இரண்டு துண்டைக் கணக்கிலே விட்டுவிடுகிறார். 'அன்று வாங்கிய விலை' வேண்டுமென்றாலும், அந்த 36 டொலரை பி.எச்.பிக்கும் சவுத் 32க்கும் பங்கிட வேண்டும். வுட்சைட் பங்கு பங்கிலாபமாக வந்ததால், கிடைத்த நாளின் சந்தை விலையே அதன் வாங்கிய விலை. இந்தப் பங்கீட்டு வீதத்தைக் குத்துமதிப்பாகப் போடாமல் கம்பனி வெளியிட்ட தாளிலிருந்து எடுங்கள்.

6. பங்கிலாபத்தைக் கணக்கில் எடுப்பது

சுரங்கக் கம்பனிகளின் பங்கிலாபம் வங்கி வட்டி மாதிரி ஒரே சீராக வராது. கனிய விலை நல்லாக இருந்த வருடம் அள்ளிக் கொடுப்பார்கள், மற்ற வருடம் கிள்ளிக் கொடுப்பார்கள்.

பி.எச்.பி 2021 நிதியாண்டின் இறுதிப் பங்கிலாபமாக ஒரு பங்குக்கு 2 அமெரிக்க டொலர் கொடுத்தது. அவுஸ்திரேலியக் காசில் 2.70க்குச் சற்று மேல். 2021 செப்ரெம்பர் 2ஆம் திகதி முதல் வாங்குபவருக்கு அந்தப் பங்கிலாபம் இல்லை. தரகர்கள் 'எக்ஸ் திகதி' என்று சொல்வது இந்த நாளைத்தான். அன்று விலை சடாரென்று விழுந்தது. ஒரு மாணவர் அந்த நாளில் எங்கே சுரங்கம் இடிந்தது என்று ஒரு மணித்தியாலம் தேடிக்கொண்டிருந்தார்.

திருத்தும் முறை இது: முந்திய நாள் இறுதி விலை 50, பங்கிலாபம் 2 என்றால், 2ஐ 50ஆல் வகுக்க 0.04. ஒன்றிலிருந்து கழிக்க 0.96. அந்த நாளுக்கு முந்திய விலைகள் எல்லாவற்றையும் 0.96 ஆல் பெருக்குங்கள். அதற்கு முந்திய பங்கிலாபத்துக்கு 0.95 வந்தால், இன்னும் பழைய விலைகளுக்கு 0.96 × 0.95 = 0.912. இப்படிப் பத்து வருடம் பின்னுக்குப் போனால் பழைய விலை பாதியாகச் சுருங்குவதில் புதுமை இல்லை. மகனின் கைபேசி காட்டியது அதைத்தான்.

ஒரு முறையாவது கையால் செய்து பாருங்கள். பிறகு தளம் தரும் நிரலை நம்பலாம்.

7. நாணயத்தை மாற்றுவதாயின் இங்கே மாற்றுங்கள்

திருத்தம் முடிந்த பிறகுதான் நாணயம். முன்னுக்கு மாற்றினால் எந்தப் படிக்கட்டு பங்கினால் வந்தது, எது காசினால் வந்தது என்று பிரிக்க முடியாது.

எங்களுக்கு இது நன்றாக விளங்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 அளவு. 50 டொலர்ப் பங்கு ஒன்று அசையாமல் இருந்தாலும், ரூபாவில் 10,000 இலிருந்து 18,000 ஆகியிருக்கும். அந்த ஏற்றம் சுரங்கத்திலிருந்து வரவில்லை.

அவுஸ்திரேலிய டொலரிலும் இதே கதைதான். 2011 நடுப்பகுதியில் அது அமெரிக்க டொலரைவிட விலை கூடியிருந்தது, 2016 ஜனவரியில் 70 சதத்துக்கும் கீழே போனது. ஆகவே அந்த ஐந்து வருடத்தில் பி.எச்.பியின் வீழ்ச்சி நியூயோர்க் வரைபில் இன்னும் ஆழமாகத் தெரியும்.

8. கனிய விலையைப் பக்கத்தில் வையுங்கள்

இப்போது வரைபு. பங்கு விலை ஒரு கோடு, கனிய விலை ஒரு கோடு. இரண்டையும் முதல் மாதத்தில் 100 என்று வைத்துத் தொடங்குங்கள். அச்சை மடக்கை அளவுத்திட்டத்துக்கு மாற்றுங்கள். அப்போதுதான் 2 டொலர் 4 ஆனதும் 20 டொலர் 40 ஆனதும் ஒரே உயரமாகத் தெரியும். சாதாரண அளவுத்திட்டத்தில் பழைய காலம் தரையோடு ஒட்டிக் கிடக்கும்.

"பவுண் விலை ஏறுது, தங்கச் சுரங்கப் பங்கும் ஏறத்தானே வேணும்?" என்று கேட்காதவர் இல்லை. பரிக்கை எடுத்துப் பாருங்கள். 2011இல் தங்கம் ஓர் அவுன்ஸ் 1900 டொலரைத் தொட்டது. 2015 டிசம்பரில் 1050 அளவு. ஏறத்தாழ 45 வீத இறக்கம். பரிக்கின் பங்கு அதே காலத்தில் நியூயோர்க்கில் 50 டொலருக்கு மேலிருந்து 10க்குக் கீழே போனது.

காரணம் இலாப இடைவெளி. ஓர் அவுன்ஸ் எடுக்க 1200 டொலர் செலவாகும் ஒரு சுரங்கத்தை நினையுங்கள். தங்கம் 1900 என்றால் மிச்சம் 700. தங்கம் 1300க்கு வந்தால் மிச்சம் 100. தங்கம் இறங்கியது 32 வீதம், மிச்சம் இறங்கியது 86 வீதம். ஏறும்போதும் இப்படித்தான் பெருத்து ஏறும்.

பரிக்குக்கு இதோடு கடனும் சேர்ந்தது. 2011இல் ஈக்வினொக்ஸ் என்ற செம்புக் கம்பனியைப் பெரும் விலை கொடுத்து வாங்கியது. பஸ்குவா லாமா சுரங்க வேலையை 2013இல் நிறுத்தியது. அதே வருடம் புதுப் பங்குகளை ஒன்று 18.35 டொலருக்கு விட்டு 300 கோடி டொலர் திரட்டியது. தங்கத்தின் கோட்டில் இவை ஒன்றும் தெரியாது. இரண்டு கோடுகளும் விலகும் இடத்தைக் கண்டால் அந்த வருட ஆண்டறிக்கையைத் திறவுங்கள்.

எந்தக் கனியத்தோடு ஒப்பிடுவது என்பதையும் ஆண்டறிக்கையே சொல்லும். ரியோவின் வருமானத்தில் பெரிய பங்கு இரும்புத் தாது. அதைத் தங்கத்தோடு வைத்துப் பார்த்துப் பயன் இல்லை. இரும்புத் தாது 2015 டிசம்பரில் ஒரு தொன் 40 டொலருக்கும் கீழே விழுந்து, 2021 மே மாதத்தில் 230ஐத் தாண்டியது.

9. பங்குகளின் எண்ணிக்கையை எண்ணுங்கள்

தேடுதல் மட்டும் செய்யும் சிறு கம்பனிகளுக்கு இந்தப் படியே முதுகெலும்பு. மன்னார்த் தீவின் கனிய மணலை ஆராயும் டைட்டேனியம் சாண்ட்ஸ் அவுஸ்திரேலியச் சந்தையில் இருப்பதால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அதைத்தான் முதலில் தேடுகிறார்கள். இந்த வகைக் கம்பனிகளுக்கு விற்க ஒன்றும் இன்னும் இல்லை. செலவுக்குப் புதுப் பங்கு விற்றுத்தான் காசு எடுக்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. பங்கு 2 சதம், எண்ணிக்கை 50 கோடி, கம்பனியின் சந்தைப் பெறுமதி ஒரு கோடி டொலர். சில வருடம் கழித்துப் பங்கு 1 சதம், எண்ணிக்கை 200 கோடி, பெறுமதி இரண்டு கோடி. கம்பனி இரு மடங்காகியது, பழைய பங்குதாரர் பாதியை இழந்தார். இரண்டும் உண்மை. விலைக் கோடு ஒன்றை மட்டுந்தான் காட்டும்.

சிறு கம்பனிகள் 50 பங்கை ஒன்றாகச் சேர்ப்பதும் உண்டு. அப்போது பழைய 1 சத விலை தளத்தில் 50 சதமாகத் தெரியும். 'முந்தி 50 சதம் விற்றது' என்று யாராவது சொன்னால் நிகழ்வுப் பட்டியலைப் பாருங்கள்.

10. பெரிய பாய்ச்சல்களுக்குத் திகதியோடு காரணம் தேடுங்கள்

ஒரு நாளில் 7 வீதத்துக்கு மேல் அசைந்த நாட்களை மட்டும் வடிகட்டி எடுங்கள். எக்ஸ் திகதிகளையும் ஐந்தாம் படி நிகழ்வுகளையும் வெட்டுங்கள். மிஞ்சுவதற்குத்தான் செய்தி தேட வேண்டும்.

இதில் நேரம் ஏமாற்றும். பிரேசிலில் பி.எச்.பிக்குப் பங்கு இருந்த சமார்கோ சுரங்கத்தின் கழிவு அணை 2015 நவம்பர் 5 பிற்பகல் உடைந்தது. அப்போது சிட்னியில் 6ஆம் திகதி விடியப்புறம். பி.எச்.பியின் சிட்னி விலையில் அதை 5ஆம் திகதியில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. சிட்னிச் சந்தை எங்கள் நேரப்படி காலை 5.30இலிருந்து 11.30 வரை, அங்கே கோடை நேரம் என்றால் ஒரு மணித்தியாலம் முந்தி.

விடுமுறையும் ஏமாற்றும். பிரேசிலின் வாலே சுரங்கக் கம்பனியின் புருமடின்யோ கழிவு அணை 2019 ஜனவரி 25, வெள்ளிக்கிழமை உடைந்தது. அன்று சாவோ பாலோ நகரின் ஆண்டு நாள், அங்கே சந்தை பூட்டு. நியூயோர்க்கில் அன்றே விழுந்தது. சாவோ பாலோவில் திங்கட்கிழமைதான் 24 வீதம் அளவில் விழுந்தது. ஒரே விபத்து, இரண்டு திகதி, இரண்டு அளவு.

11. ஒரு கடதாசியோடு சரிபார்த்து, திகதி போட்டுச் சேமியுங்கள்

கையில் இருக்கும் ஏதாவது ஒரு உண்மைக் கடதாசியோடு பொருத்துங்கள். தரகரின் சீட்டு, பங்கிலாபக் கடிதம், ஆண்டறிக்கையில் வரும் ஆண்டிறுதி விலை, எதுவும் சரி. கடதாசியில் உள்ள விலை அந்த நாளின் திருத்தாத உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையில் விழ வேண்டும். விழாவிட்டால் பெரும்பாலும் நாணயம் அல்லது சந்தை பிழை. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

தாளின் முதல் நிரையில் தளத்தின் பெயர், சந்தை, நாணயம், எந்த நிரல், எடுத்த திகதி என்பவற்றை எழுதுங்கள். எடுத்த திகதியை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அக்காவின் மகன் மார்ச் நடுப்பகுதியில் ஒரு நாள் அழைத்தார். "மாமா, நான் தை மாதம் எடுத்த 2014 விலையும் இப்ப காட்டுற 2014 விலையும் ஒண்டில்லை. பழைய விலையுமா மாறும்?" பி.எச்.பியின் இடைக்காலப் பங்கிலாபத்துக்கு எக்ஸ் திகதி வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஆறாம் படியின் பெருக்கல் இன்னொரு தரம் நடந்திருக்கிறது என்றேன்.